எண் நிலைக்கும் வரை

முனீஸ்வரன் கோவில் தெருவில்
பித்தளையில் ஒன்றை எடுத்துக் காட்டினார் அபுதாகிர்.
ரங்கூன் கண்டது, கப்பலேறி வந்தது என்றார்.
கடை வாசலில் நின்று
எதிரே செல்போன் கோபுரத்தை அதில் பார்த்தேன்.
இரண்டு கோபுரம்.
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்திருந்தது.
உள்ளே பட்டகம் நகர்ந்திருக்க வேண்டும்.
'பார்க்கப் பார்க்கச் சேர்ந்துடும்மா.'
அப்படிச் சேராதவை
என்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன அண்ணே,
திருப்பி வைத்துவிட்டேன்.

கல்லுக்கட்டிப் பக்கம் கேமராக் கடையில்
இருபதுக்கு எண்பது என்று பெரிதாய் ஒன்று.
கையில் வாங்கியதும் சொன்னேன், இரண்டு கிலோ நூறு.
பையன் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
எடைமேடையில் பதினோரு வருடம், தம்பி.
இதைத் தூக்கி வானத்தைப் பார்த்தால்
வானம் தெரியாது, என் கைதான் தெரியும்.

ஏழுக்கு ஐம்பது நல்லதுதான்.
ஆனால் இருட்டில் கண்மணி
ஏழு மில்லிமீட்டர் விரிய வேண்டும் அதற்கு.
நாற்பத்தாறு வயது. எனக்கு ஐந்து விரிந்தால் அதிகம்.
மிச்ச வெளிச்சம் வீணாய்க் கன்னத்தில் வழியும்.

பத்துக்கு ஐம்பது.
கை நீட்டிப் பிடித்தேன்.
கண் வைக்கும் பக்கம் இரண்டு சின்ன வெளிச்ச வட்டம்,
ஓரம் வெட்டுப்படவில்லை.
தீபாவளி போனஸில் பாதி.

புதுவயலில் மாசி மாத மொட்டைமாடி.
மேற்கே கார்த்திகை.
கைபேசியில் எழுதக் கற்கும் குழந்தைபோல
ஒவ்வொரு மீனும் கிறுக்கிக்கொண்டே இருந்தது.
முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றினேன்.
கிறுக்கல் நின்று, நடுக்கம் வந்தது,
சீராக, வேகமாக.
சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்:
எங்கள் மில். இரண்டாம் ஷிப்ட்.
நெல் உமி நீங்குவதில்
ஆறு நட்சத்திரமும் அதிர்ந்தன.

கீழே போய்
அரை மூட்டை உமியைத் தூக்கி வந்தேன்,
அதே மில்லில் வாங்கியதுதான்.
சுவர்மேல் போட்டு, நடுவில் குழி அமுக்கி,
பைனாகுலரைப் பதித்து மண்டியிட்டேன்.
மில்லின் ஆட்டத்தை உமி விழுங்கிவிட்டது.

இன்னும் ஏதோ ஒன்று.
மெதுவாக. தட். தட்.
மொத்தக் கூட்டமும் ஒன்றாய் எழும்பி
ஒன்றாய் அமர்ந்தது.

பகலெல்லாம் ஜன்னல் வழியே நான் கத்துவது:
இன்ஜினை அணைங்க.
இறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க.
எண் ஆடுது பாருங்க, நிலைக்கட்டும்.
இந்த இன்ஜினை அணைக்க வழியில்லை.
இறங்கி நிற்கவும் இடமில்லை.

மூச்சை விட்டேன். அடுத்ததை உடனே எடுக்கவில்லை.
ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையில்
முக்கால் நொடி இருக்குமா,
நின்றன.
ஆறு என்று கேட்டு வளர்ந்த இடத்தில்
ஊசி குத்தியதுபோல் நீலமாய், இன்னும் இன்னும்.
முக்கால் நொடிக்கு நான்கைந்தாய் எண்ணிச் சேர்த்தேன்.
இருபத்தொன்பது. மறுபடி, முப்பத்தொன்று.

எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.
வண்டி எண், சரக்கு, ஓட்டுநர் கையொப்பம் எல்லாம்
முன்பக்கம் காலியாகவே கிடந்தது.

காலையில் முதல் லாரி சூசைமுத்துவுடையது.
'என்னக்கா, தலையெல்லாம் உமி?'
இறங்குங்க முதல்ல, என்றேன்.
எண் ஆடுது.