நவம்பரிலும் கெத்துப்பாட்

ஊத்தான் மெலிந்தாங் தமிழ்ப்பள்ளியில்
கழிப்பறையை ஒட்டிய கடைசி அறை எங்களுடையது.
சன்னலைத் திறந்தால் செம்பனை.
மூடினாலும் ஆலையின் வாடை.
பிள்ளைகள் ஏழு பேர், நான், காக் ரோஹானா,
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும் ஒரு மின்விசிறி.

சீனப் பெருநாள் முடிந்த கிழமை
சாமான் கடை ஆ கியோங்
மிஞ்சிய அங்பாவ் உறைகளைக் கட்டாகத் தந்தார்.
மடித்து வெட்டி ஒட்டினால் விளக்குக் கூண்டு.
பன்னிரண்டு வெட்டு போதுமென்று காட்டினேன்.
சர்வேந்திரன் நிறுத்தவில்லை.
உறை நூலாயிற்று, நூல் தூளாயிற்று,
மேசையெங்கும் சிவப்பு.
கத்தரிக்கோலை வாங்கப்போன என் விரலைப் பார்த்தான்.
முகங்களை அவன் பார்ப்பதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
போன ஆண்டு மாவட்ட இலாகாவிலிருந்து அதிகாரி வந்தபோது
சுவரில் தொங்கிய பதினான்கும் நான் செய்தவை.
இரவு பதினொரு மணிக்கு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.
வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வெட்டினேன்,
பிள்ளைகள் கைபோல இருக்கட்டுமென்று.
அடியில் அவர்கள் பெயரை
இடது கையால் எழுதினேன்.
அதிகாரி கைப்பேசியில் படமெடுத்து
"அருமை, லோகாஷினி" என்றார்.
லோகாஷினி பெயரைக் கேட்டு எழுந்து நின்று
சுவரைப் பார்த்தாள்,
யார் வீட்டுச் சுவரையோ பார்ப்பதுபோல.

நோன்புப் பெருநாளுக்குக் காக் ரோஹானா
பச்சையும் மஞ்சளுமாய் ரிப்பன் கொண்டுவந்தார்.
கெத்துப்பாட் பின்ன அவருக்குக் கண் வேண்டாம்.
ஆத்தாஸ், பாவா, ஆத்தாஸ், பாவா:
ஒவ்வோர் இழைக்கும் ஒரு சொல்.
மேலே, கீழே.
ஓராண்டாக எங்களுக்கு ஒரு சொல்லும் தராதவன்
மூன்றாம் நாள் மேசைக்கடியிலிருந்து சொன்னான்:
"பாவா."
தமிழ்ப்பள்ளியில் அவன் முதல் சொல் மலாய்.
தலைமையாசிரியரிடம் நான் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து கெத்துப்பாட்தான்.
மே மாதம், பள்ளி விடுமுறை தாண்டி,
எல்லாரும் தேசியக் கொடி ஒட்டிய ஆகஸ்டிலும்.
ரிப்பன் தீர்ந்தது.
தாளில் பின்னினான். காலணிக் கயிற்றில் பின்னினான்.
லோகாஷினியின் சடையிலும் முயன்று
ஓர் அறை வாங்கினான்.

அவன் அப்பா பழம் வெட்டுகிறவர்.
ஒரு காலை, பசியாறும் நேரத்தில் மோட்டாரில் வந்தார்,
கம்பும் அரிவாளும் பக்கத்தில் கட்டியபடி.
கூடையில் செம்பனை ஓலை.
ஈர்க்கு உரித்து, ஒரே அகலத்தில் கிழித்தது.
"இதுல நிக்காது டீச்சர், வெறைப்பு.
சும்மா கொண்டாந்தேன்."
எஞ்சினை அவர் அணைக்கவேயில்லை.

நின்றது.
கொஞ்சம் கோணல்,
என்னால் வெட்ட முடியாத கோணல்.

தீபாவளி நெருங்கியது. கோலத்துக்கு அரிசியில் சாயமேற்றினோம்.
லோகாஷினி பச்சையை மட்டும் பொறுக்கினாள்,
மணி அடித்தும் பொறுக்கினாள்.
கீர்த்தனன் நீல அரிசியைத் தின்று
நாள் முழுக்க நாக்கை எல்லாருக்கும் காட்டினான்.
அதிகாரி மறுபடி வருகிறாராம்.
தலைமையாசிரியர் வந்து வாசலில் நின்றார்.
"தீபாவளிக்குக் கெத்துப்பாட்டா?"
"ஆமாம் சார்."
"எத்தனை?"
"நாற்பத்தொன்று."
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"நடுவில் ஒரு மயிலாவது வைக்கலாமே?"
"வைக்கலாம் சார். நான்தான் செய்யணும்."
அவர் ஒன்றும் சொல்லாமல் போனார்.

அன்றிரவு பதினொரு மணிக்கு
சாப்பாட்டு மேசையில் நீலத்தாளை விரித்தேன்.
வெட்கமாகத்தான் இருக்கிறது,
கழுத்துவரை வெட்டியும் விட்டேன்.

காலையில் அந்தக் கழுத்தோடு வகுப்புக்குப் போனேன்.
சர்வேந்திரன் அதை என் விரல்களிலிருந்து உருவி
பட்டை பட்டையாக வெட்டினான்.
பன்னிரண்டைத் தாண்டினான். நான் எண்ணுவதை விட்டேன்.

"பாவா" என்றான்.

நாற்பத்திரண்டு.