சூடை எல்

நிஜப் பெயர் வேண்டாம்,
வழக்குப் போடுவார்கள் என்றார் இஃப்திகார்.
அதனால் மீன்களிடம் போனேன்.
திருக்கை ஜீடீ. பாரை டேர்போ.
ஆகச் சின்னதுக்குச் சூடை.

சூடை றோயலுக்குத் தோல் இருக்கை, கூரை திறக்கும்.
எல்எக்ஸுக்கு ஏசி.
வெறும் எல்லுக்கு
கையால் சுற்றும் ஜன்னல்,
வலப்பக்கம் மட்டும் கண்ணாடி.

"இதை எவன் எடுப்பான்?"

நான் வாய் திறக்கவில்லை.
அதற்கு மட்டும் ஒரு ஹோர்ன் வைத்தேன்,
பம்பலப்பிட்டிச் சந்தியில், மழைக்குள் நின்று
போனில் பதிந்தது;
நடுவில் யாரோ தும்முகிறார்.

இரவு ஒன்றரைக்குச் சோதனை ஓட்டம்.
திரையில் காலி வீதி வெறிச்சென்று கிடக்கிறது.
நூறாம் இலக்க பஸ்ஸை முந்துகிறேன்,
காலையில் நான் தொங்கப்போகும் பஸ்ஸை.

வெள்ளவத்தையில் ஜன்னலைச் சுற்றி இறக்குகிறேன்.
கடல்காற்றுக்கு
இன்னும் நிரல் எழுதவில்லை.