தேடுதல் கட்டணம்

பிரிவதற்கு முதலில்
சேர்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார் வக்கீல்.
அசல் எங்கே என்று நீ என்னைக் கேட்டாய்.
நான் உன்னை.
பீரோவில் இருந்தது என்பதுவரை
இருவருக்கும் ஒரே ஞாபகம்.
எந்த வீட்டுப் பீரோ என்பதில்தான் தகராறு.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை
அஸ்தம்பட்டியில் தனித்தனியே வந்திறங்கி
பதிவாளர் அலுவலக வரிசையில் நின்றோம்.
நமக்கு நடுவே
வில்லங்கம் பார்க்க வந்த ஒருவர்
கன்னங்குறிச்சியில் மூன்று சென்ட் பற்றி
உன்னிடமும் என்னிடமும்
மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்.

எழுத்தர் பெண் நிமிரவில்லை.
"பதிவு நம்பர் இருக்கா?"
இல்லை.
"தேதி?"
தை மாதம், என்றேன். மலையில் பனி.
"பனியெல்லாம் இன்டெக்ஸ்ல இருக்காதுங்க."
இரண்டாயிரத்து ஒன்பது என்றாய் நீ.
பத்து என்றேன் நான்.
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
"ஒரு வருஷம் தேட ஒரு கட்டணம்.
ரெண்டு வருஷம்னா ரெண்டு."
ஒன்பதுக்கு நீ கட்டினாய்,
பத்துக்கு நான்.
பதினாலு வருஷச் சண்டைகளில்
ரசீதோடு முடிந்தது இது ஒன்றுதான்.

மனுவில் ஒரு கட்டம்:
தம்பதியருக்கும் மனுதாரருக்கும் உள்ள உறவு.
"நானேதான்" என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
மனைவி என்று எழுதச் சொன்னாள்.
எழுதினேன்.
உன் கட்டத்தை நீ
முழங்கையால் மறைத்துக்கொண்டாய்,
பரீட்சை எழுதும் பையனைப் போல.

மூன்று மணிக்குக் கூப்பிட்டாள்.
'ஜ' வரிசையில் நான் இல்லையாம்.
'ச'வில் இருந்தேன்,
செசிந்தாவாக.
அன்று யாரோ அவசரத்தில் எழுதியது.
குணசீலனைக் கட்டிக்கொண்டவள்
அந்தச் செசிந்தாதான் போலிருக்கிறது;
நான் வீணாகப் பதினாலு வருஷம்
பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டது பத்தில், தை எட்டு.
ஆனால் அதே பக்கத்தில், மேலே:
நோட்டீஸ் ஒட்டிய நாள், ஒன்பது, மார்கழி.
உன் பெயரும் என் பெயரும்
ஒரு பலகையில், குண்டூசியில்,
ஊர் பார்க்க, ஆட்சேபணை இருந்தால் சொல்ல,
முப்பது நாள்.
நீ அங்கிருந்தா எண்ணிக்கொண்டு வந்தாய்?
கேட்கவில்லை.
நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சாட்சிகள் மூவர்.
மூன்றாவது, என் சித்தி மகள் வரவேண்டிய இடம்.
அவள் வந்த பஸ்
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில் பஞ்சராகி நிற்க,
நீ வாசலுக்கு ஓடி
ஜெராக்ஸ் கடைக்காரரைக் கையோடு இழுத்து வந்தாய்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
கடையில் ஆள் நிற்குது என்று ஓடினார்.
பிறகு நாம் ஐந்து பேர்
தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றோம்.
கல்யாண விருந்தில் காரச் சட்னி அதிகம்
என்று அழுதவள் நான்.
சட்னிக்குத்தான் அழுதேன்.

இன்றும் அதே கடை, அதே மெஷின் சத்தம்.
சான்றிட்ட நகலைக் கண்ணாடிமேல் கவிழ்க்கப் போனவர்
ஒரு கணம் நிறுத்தி,
"அட, சித்தேஸ்வரன். இது என் கையெழுத்து."
நம் முகங்களைப் பார்த்தார். ஞாபகமில்லை.
எத்தனையோ பேருக்குப் போட்டிருப்பார்.
"நல்லா இருக்கீங்களா?"
இருக்கோம் என்றோம், இருவரும்,
ஒரே நேரத்தில், பன்மையில்.
நான்கு ரூபாய் வாங்கிக்கொண்டார்.
உன்னிடம் சில்லறை இல்லை.

நாகலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
நான்காவது வளைவு தாண்டி உறையைப் பிரித்தேன்.
மாறிப்போயிருந்தது.
நகல் எதுவானாலும் ஒன்றுதான்,
வக்கீல்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.
பின் குத்தியிருந்த ரசீதில் மட்டும்
உன் பெயர்,
உன் வருஷம்,
கீழே ஊதா மையில் முத்திரை:
தேடியதில் பதிவு ஏதும் இல்லை.