இடது பின்சக்கரத்திலிருந்து

மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ
அதிலிருந்து தொடங்க வேண்டும்.
எங்கள் வண்டிக்கு அது இடது பின்சக்கரம்.
செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு
அங்கப்பன் வண்டிக்கடியில் நுழைந்தபோது
மணி ஒன்பதே கால்.
கன்னங்குறிச்சியில் எங்கள் எதிர்வீட்டு விசைத்தறி
இன்னும் நிற்கவில்லை.

நான் டிரைவர் சீட்டில்.
செருப்பைக் கழற்றிவிட்டு
வலதுகாலைப் பெடலில் வைத்தேன்.
மருந்துக்கடையில் வாங்கிய சலைன் குழாய்,
ஒரு முனை நிப்பிளில்
மறுமுனை ஊறுகாய் பாட்டிலில்,
அதில் இரண்டு விரல் உயரம் பிரேக் ஆயில்.
எத்தனை கழுவியும் மாவடு வாசம் போகாத பாட்டில்.

மிதி.
மிதி.
மிதி. புடி.

பிடித்தேன்.
கீழே ஸ்பேனர் திரும்பும் சத்தம்.
ஜவ்வரிசி மூட்டையில் கை இறங்குவதுபோல்
பெடல் மெல்ல உள்ளே போய்த்
தரையைத் தொட்டது.
குழாயில் குமிழ் போகுமாம். நான் எங்கே பார்த்தேன்?
அவன் சொல்வதுதான்.
"வருது."
"இன்னும் வருது."
"உடு."

மூன்று நாளில் அவன் என்னிடம் பேசியது
இந்த நான்கைந்து சொல்தான்.
நான் அதுகூட இல்லை.

வியாழக்கிழமை
ஏற்காட்டிலிருந்து பலா ஏற்றி இறங்கியவன்
இரவு பதினொன்றுக்கு வந்து
"பஞ்சர்" என்றான்.
மூன்று தோசை தின்றான்.
நான்காவதற்குச் சட்னி கேட்டான்.
மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில்
லோடுமேன் வெள்ளையன் மனைவி பாவாயி சொல்லித்தான் தெரியும்:
ஒன்பதாம் வளைவில் பெடல் பஞ்சாகிப்போய்
வண்டியை மலைப்பக்க மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினானாம்,
வெள்ளையன் குதித்ததில் முழங்கை பிசகியதாம்,
பலா உடைந்து ரோடெல்லாம் சுளையாம்.
குரங்குக்கெல்லாம் நோம்பிதான் போ என்று சிரித்தாள்.
என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்டெப்னியைப் பார்த்தேன்.
அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுக்கக்கூடாது.
எடுத்தால் போன காற்று
போன வழியே திரும்பி வந்துவிடும்.
முதல் சக்கரத்தில் ஒருதரம் எடுத்துவிட்டேன்.
கொசு கடித்ததா என்றால், கடித்தது.
ஆனால் அதற்காக எடுக்கவில்லை.
அவன் ஒன்றும் சொல்லாமல்
மறுபடி முதலிலிருந்து
மிதி என்றான்.

ஒவ்வொரு சக்கரம் முடிந்ததும் எழுந்து வந்து
டப்பாவில் ஆயில் இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்தான்.
வெளிச்சம் என் முகத்தின் மேல் படாமல்
சுற்றிப் போனது.

கடைசி, வலது முன்சக்கரம்.
அவன் தலை என் கதவுக்கு நேர் கீழே.
மிதி, மிதி, மிதி, புடி.
திறந்தான். பெடல் தரைக்கு வந்தது.
'உடு' வரவில்லை.
தொடை நடுங்க ஆரம்பித்தது.

"ஒம்போதாவது வளைவுல," என்றது இருட்டு,
"மூணு தரம் மிதிச்சேன். காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல.
கியரக் கொறச்சேன்.
கீழ சேலம் லைட்டெல்லாம் தெரிஞ்சுது.
அந்த நேரத்துல போயி
நம்ம வூடு எதுன்னு தேடறேன்."

கொஞ்சம் கழித்து,
"ஒங்கிட்டச் சொன்னா வண்டிய விக்கச் சொல்லுவ."

நான் காலை எடுக்க முடியாது,
இறங்கி உள்ளே போய்விட முடியாது என்று தெரிந்து
நிப்பிளைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்கிறான்,
திருட்டுப்பயல்.

விற்கச் சொல்லமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.
டியூ இன்னும் பதினாறு மாதம் பாக்கி.
தறி எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"மூடு," என்றேன்.
ஸ்பேனர் திரும்பியது.
அவன் 'உடு' என்னும்வரை
நான் காலை எடுக்கவில்லை.

அடுத்த மிதியில் பெடல்
பாதியிலேயே நின்றது, கல்லாக.
அவன் வெளியே வந்து, முதுகில் மண்ணோடு,
நாளைக்குக் காலி வண்டியில்
இரண்டு வளைவு ஏறி இறங்கிப் பார்க்கணும் என்றான்,
என்னிடமா சக்கரத்திடமா என்று தெரியாதபடி.

"வெள்ளையனுக்குக் கட்டுப் போட்ட காசு
குடுத்தியா?"

அவன் குனிந்து
சோப்புத்தூளைத் தேடிக்கொண்டிருந்தான்.
அது அவன் கைக்கு எட்டும் இடத்தில்தான்
இருந்தது.