அளவை எண் பதினேழு

கைதடியில் அரிவி வெட்டி முடிந்த வயல்.
சுவர் இல்லை, கூரை இல்லை. அதற்காகவே வந்தோம்.
இரவு பதினொன்றரை. வாடை அடங்கிய கிழமை.
நிமலரூபனின் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில்
இரண்டு ஒலிபெருக்கிகள்: ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.
கொழும்புக்காரன் சொன்ன விலை இரண்டுக்கும் ஒன்றே,
முதுகில் ஒட்டியிருந்த வாட்ஸும் ஒன்றே.

எமில்தாஸ் முப்பது வருடம் சவுண்ட் சேர்விஸ்.
"கேட்டாத் தெரியாதே பிள்ளை?" என்றார்.
கறுப்பைப் போட்டோம். "இது நெஞ்சிலை அடிக்குது."
சாம்பலைப் போட்டோம். "இது கஞ்சி."

கறுப்பு மூன்று டெசிபெல் உரக்கப் பேசுகிறது, அவ்வளவுதான்.
சந்தையில் பெரிதாய்க் கூவுகிறவனின் மீன்
அன்றைக்குப் பிடித்ததாய்த் தெரிவதுபோல.
குமிழைத் திருகி இரண்டையும் ஒரே மட்டத்துக்கு இறக்கி
மறுபடி போட்டேன், எது எது என்று சொல்லாமல்.
எமில்தாஸ் நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "தேத்தண்ணி இருக்கே?" என்றார்.

விளம்பரத் தாளிலும் ஒரு கோடு உண்டு.
பூசி மெழுகிய கோடு.
ஒரு சாணுக்குள் நூறு டெசிபெல்லை மடித்து வைத்தால்
எந்த மலையும் வயல்தான்.
நான் கட்டத்தை விரித்தேன்.
பலகை ஒன்றைப் போட்டு மைக்கை நிலத்தில் படுக்க வைத்தேன்.
அடித்தொண்டையில் தொடங்கி உச்சிக்கு ஏறும் ஓர் ஊளை,
பத்து விநாடி.
பத்து விநாடியும் மூவரும் மூச்சை அடக்கியிருப்போம்.
பத்துப் பாகை திருப்பு, மீண்டும் ஊளை.
பத்துப் பாகை.
கறுப்பு முடிந்து சாம்பல் பாதி தாண்டியபோது
வயற்கரையில் ஒரு நாய் பதில் சொல்லிற்று.
மறுபடி எடுத்தோம்.

நேரே நின்றால் இரண்டும் ஏறத்தாழ நல்ல பிள்ளைகள்;
கறுப்புக்கு நாலாயிரத்தில் ஒரு சின்ன மேடு.
அறுபது பாகை விலகினால்
கறுப்பில் இரண்டாயிரத்தில் ஒரு கிணறு.
சாம்பலும் இறங்குகிறது,
ஆனால் படி பார்த்து இறங்குகிறது.

"கிணத்துக்கை என்ன விழுந்தது?"
மெய்யெழுத்துக்கள், என்றேன்.
தேர் அன்று பக்கப் பந்தலில் ஒரு தாய் நிற்பாள்.
பிள்ளை ஒன்று எங்களிடம் நிற்குது என்று அறிவிப்பீர்கள்,
பேரும் சொல்வீர்கள்.
அகிலன், முகிலன், கவின், நவின்,
எல்லாம் அவளிடம் ஒரே பேராய்ப் போய்ச் சேரும்.

அவர் வாய்க்குள் அந்தப் பேர்களைச்
சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

அவரிடம் சொல்லாத ஒன்று:
எனக்கும் கறுப்புத்தான் பிடித்திருந்தது.
பெரியாஸ்பத்திரியில் எடுத்த என் இடக் காதின் கோடு
நாலாயிரத்தில் கீழே விழுகிறது.
கறுப்பின் மேடு அந்தப் பள்ளத்தில்
சொந்த வீடுபோல வந்து உட்கார்ந்துவிடுகிறது.
ஆஸ்பத்திரித் தாளில் வயதுக்கு ஒரு கட்டம் உண்டு.
எந்த வருடம், எந்தப் பதுங்குகுழி என்று கேட்க
அதில் இடமில்லை.
ஆகவே நல்லது என்று நான் சொன்னால் நம்பவேண்டாம்.
எமில்தாஸ் சொன்னாலும்தான்; முப்பது வருடமாய்
ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் படுக்கிறவர்.
மைக்குக்கு இந்த ஊரில் பிறந்த காது இல்லை.

சாம்பலில் எட்டு வாங்கினார்.
கறுப்பில் ஒன்று, வானுக்குள் தனக்கு மட்டும்.
"அதின்ரை கோட்டை எனக்குக் காட்டாதை" என்றார்.

வீட்டில் வந்து கோப்பைத் துப்புரவாக்கினேன்.
பழுதானவற்றை அழித்தேன்:
காற்று, கண்டி வீதியில் ஒரு லொறி, நிமலரூபனின் இருமல்.
பதினேழில் எண்ணூறு ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில்
ஒரு முள் நீட்டிக்கொண்டு நிற்கிறது.
சாம்பல், அறுபது பாகை, நாய்,
என்று பேரெழுதி
அதை மட்டும் விட்டுவைத்தேன்.