இரண்டு நிமிட வெளிச்சம்

துஷ்யந்தியின் பட்டியலில் இது ஏழாவது.
வண்டி என்னுடையது, திங்கட்கிழமையும் என்னுடையது,
தேவாலயங்கள் மட்டும் அவளுடையவை.

பெர்ப்பிஞான் தாண்டி மலை ஏறுகிறோம்.
பீச் தோட்டங்கள் முடிந்து கார்க் மரங்கள்,
கார்க் மரங்களும் முடிந்து வெறும் வளைவுகள்.
ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம்
என் வலது தோளில் ஒரு சத்தம். டக்.
குளிர் என்பேன். ஜூலையிலும் அதைத்தான் சொன்னேன்.

அந்த முகட்டுக்கு அப்பால் ஸ்பெயின் என்கிறாள்.
முகட்டுக்கு அது தெரிந்த மாதிரி இல்லை.
இந்தப் பக்கம் மேயும் ஆடு ஒன்று
அந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறது.

பூட்டிய கதவில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்:
சாவி மதாம் சுன்யேரிடம்,
தபால்பெட்டிக்கு எதிர்வீடு,
மூன்று மணிவரை உறங்குவார்.
மணி இரண்டே கால்.
சுவர் நிழலில் குந்தி மீன் பணிஸ் தின்றோம்.
ஊரில் ஒரு நாய்கூட எங்களை விசாரிக்கவில்லை.

சாவி ஒரு சாண் நீளம்.
வௌவாலை விரட்டாதீர்கள்,
கதவை மட்டும் சாத்திவிடுங்கள் என்றார் மதாம்,
கன்னத்தில் தலையணை மடிப்போடு.

உள்ளே
கிணற்றில் பாதி இறங்கிய குளிர்.
ஈரச் சுண்ணாம்பு, அணைந்த மெழுகு, எங்கோ எலி.
தூணில் ஓர் இரும்புப் பெட்டி:
ஒரு யூரோ, இரண்டு நிமிடம்.
பார்க்கிங்குக்கு வைத்ததுபோல்
கடவுளுக்கும் மீட்டர் வைத்துவிட்டான்கள் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. சில்லறை தேடினாள்.

டக்.
பீடத்துக்கு மேலே அரைவட்டத்தில்
ஒரு நீலம் கண்விழித்தது.
எண்ணூறு வருடத்து நீலம், என்றாள் மெதுவாக.
சீடர்களில் ஒன்பது பேர் மிச்சம்.
மூன்று பேரை ஒழுக்கு கொண்டுபோயிருக்கிறது,
பாதங்களை மட்டும் விட்டுவைத்து.
ஆறு பாதங்களையும் நான் எண்ணி முடிக்குமுன்
டக்.
இருட்டு.

இரண்டாவது யூரோவுக்கு மரச்சிலுவை.
துஷ்யந்தி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கிட்டப் போய்ப் பார்த்தாள்.
பிறகு, வேலைநேரக் குரலில்:
"வலது தோள் மூட்டு இறங்கியிருக்கு.
விலா மேலுக்கு இழுபட்டு நிக்குது.
இதைச் செதுக்கினவன்
தொங்கவிட்ட ஆளை நேரிலை கண்டிருக்கிறான்."

நான் பாதங்களின் பக்கம் திரும்பி நின்றேன்.
பதினொரு வருடப் பழக்கம்.
ஒரு தடவையும் அவள் கேட்டதில்லை.
எத்தனை மலைகளின்
எத்தனை வளைவுகளில்
பக்கத்து இருக்கையில் அமர்ந்து
அதைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

டக்.

மூன்றாவது யூரோ எங்களிடம் இல்லை.
இருட்டில் ஏதோ ஒன்று சிறகடித்துத் தாண்டிப்போனது.
அவள் மூச்சு கேட்டது. என்னுடையதும்.
பேச வேண்டியதில்லை என்பதால்
இருட்டு நல்லதாகத்தான் இருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு
சைக்கிள் தலைக்கவசத்தோடு இருவர்.
தங்களுக்குள் ஸ்பானிய மொழி, எங்களுக்கு ஓலா.
ஓலா என்றேன், சுவரைப் பார்த்து.
அவர்களுடைய நாணயம் பெட்டிக்குள் உருண்டது.
யாரோ வாங்கிய வெளிச்சத்தில்
துஷ்யந்தி சிலுவையைப் பார்க்கவில்லை.

பதிவேட்டில் எல்லோரும்
அமைதி அமைதி என்று எழுதியிருந்தார்கள்.
நான் தமிழில் எழுதினேன்:
வெளிச்சம் நல்லது, சில்லறை போதவில்லை.
அவள் தேதியை மட்டும் போட்டாள்.

சாவியை வாங்கிக்கொண்டு மதாம் கேட்டார்:
வௌவால் இருந்ததா?
ஒன்று, என்றேன்.
இரண்டல்லவா, என்று
அவர் வாசலிலேயே கவலைப்பட ஆரம்பித்தார்.

இறக்கத்தில் முதல் வளைவு.
அவள் கைப்பையைப் பின்னிருக்கையில் போட்டாள்.
"நிப்பாட்டு. மிச்சம் நான் ஓட்டுறன்."
மலைப்பாதையில் அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை.
ஓரம் கட்டினேன்.