ஐயாயிரத்துக்கு ஒருக்கா

தம்பிலுவிலில் இருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு
எழுபத்தைந்து கிலோமீற்றர்.
திரும்பி வர எழுபத்தைந்து.
செவ்வாயும் வெள்ளியும்.
பதினேழு கிழமையில் ஐயாயிரம் ஓடிவிடும்,
எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டும்.

இந்தக் கணக்குக் கொப்பிக்கு இரண்டு தொடக்கம்.
முன்னால் திறந்தால் அவருடைய கிரியேற்றினின், பிறஷர்,
குடிக்க விட்ட தண்ணீர் மில்லிலீற்றரில்.
புரட்டிப்போட்டுப் பின்னால் திறந்தால் கார்:
ஒயில், பில்ற்றர், கூலன்ற், ரயர்க் காற்று.
நடுவில் இன்னும் கொஞ்சம் வெள்ளைத்தாள்.

பொனற்றைத் திறக்க எதை இழுப்பதென்றே
தெரியாமல் இருந்தவள் நான்.
இப்போது விடிய நாலு மணிக்கு
போன் வெளிச்சத்தில், குளிர்ந்த எஞ்சினில்
டிப்ஸ்ரிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவி
இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்கிறேன்.
துடைக்கிற சீலை அவருடைய பழைய சாரம்.
முன்பு இறுக்கமாக இருந்த சாரம்.

வெட்டுக் காலத்தில் நிந்தவூர் தாண்டிப் போய்வந்தால்
எயார் பில்ற்றரைத் தட்டும்போது
அரைச் சுண்டு சப்பி கொட்டும்.
உப்புக்காற்று சைலன்சரைத் தின்கிறது.
"உங்கட காருக்கு ரெண்டு எதிரி அக்கா,
வயலும் கடலும்" என்பார் தேவகாந்தன் பாஸ்.
அவர்தான் போன கிழமை சில்லைக் கழற்றிக் காட்டினார்.
பிறேக் பாட், தேநீரில் நனைத்துக் கடித்த பிஸ்கற் போல,
மிஞ்சியது இரண்டு மில்லிமீற்றர்.

கல்முனையில் சுபைர் காக்கா
மேசையில் இரண்டு பெட்டி வைத்தார்.
"இது ஜப்பான்.
இது ஜப்பான் பெட்டி."
சிரிக்காமல்தான் சொன்னார்.

கழற்றிய பழையதைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.
அதில் இலக்கம் இரும்பில் குத்தியிருந்தது.
பெட்டிக்காரனில் மையால்.
நகத்தால் சுரண்டினேன், வந்தது.
கையில் தூக்கிப் பார்த்தால்
ஒன்று மீன், ஒன்று கருவாடு.
மலிவு நாலாயிரம். மற்றது பதினெட்டு.
என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ
கீழ்த்தட்டில் இருந்து மூன்றாவதை எடுத்தார்:
அதே தொழிற்சாலைச் சரக்கு,
கார்க் கொம்பனியின் பெயர் மட்டும் இல்லை.
பதினோராயிரம்.
பெயருக்கா ஏழாயிரம் கொடுப்பது?
குத்திய இலக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.

வெளியே காருக்குள் இருந்து
கண்ணாடியைப் பாதி இறக்கி இவர் கேட்டார்,
"மலிஞ்சத எடுமன். எத்தின நாளைக்கு?"

பாட்டைப் பற்றித்தான் கேட்டதாக
நான் வைத்துக்கொண்டேன்.
"நாப்பதினாயிரம் ஓடுமாம்."

கச்சேரியில் கணக்குப் பிரிவில் இருந்தவர்.
உதடு அசையாமல் வகுத்தார்.
"நூற்றி முப்பத்து மூண்டு கிழமை."
ஒரு பஸ் போனது. தூசி அடங்கியது.
"ரெண்டரை வருசம் சொல்லு."
பிறகு கண்ணாடியை ஏற்றினார்.
ஏற்றும்போது சொன்னார், "சரி, எடு."

ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன்
நேர்ஸ் புதுப் பில்ற்றரின் உறையைக் கிழிக்கையில்
நான் எட்டி முத்திரையைப் பார்க்கிறேன், திகதியையும்.
அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை.
ஒருநாள் மட்டும் கேட்டது,
"அன்ரி, நீங்க என்ன வேலை?"

புதுப் பாட் முதல் முன்னூறு கிலோமீற்றருக்கு
அதட்டலாகப் பிடிக்கக்கூடாதாம்,
மெல்ல மெல்ல மிதித்துப் பழக்க வேண்டுமாம்.
களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஒரு மாடு,
ஆரையம்பதியில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்,
ஐந்து யார் முன்னாலேயே கால் வைத்தேன்.
பின்னால் வந்த ஓட்டோ ஹோண் அடித்தது.
அடிக்கட்டும்.

பழையதை எறியவில்லை.
பின் சீற்றுக்குக் கீழே கிடக்கிறது,
அடுத்தமுறை ஒப்பிட.

திரும்புகையில் கிரான்குளத்தில் மழை.
என் பக்கம் துடைக்கிறது.
அவர் பக்கம் கோடு கோடாய் இழுத்து
தெருவிளக்கை எல்லாம் பூசிவிடுகிறது.
"வைப்பர் வாங்க மறந்திட்டாய்" என்கிறார்,
ஆஸ்பத்திரிக் களைப்பிலும் குறை பிடிக்கிற குரலில்.